கோயில் ஜெனரேட்டரில் ஓடிய ஆராய்ச்சி

இப்போது என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம். ஊரில் யாரும் சட்டை செய்வதில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாதவள் என்ன டாக்டர் என்பது அவர்கள் கட்சி.

உயிர்வேதியியல் படிக்கப் போகிறேன் என்றபோதே அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. எங்கள் கடற்கரையில் படிக்கிற பெண் நர்சிங் படிப்பாள், குவைத்துக்குப் போவாள். நானோ இளங்கலை, முதுகலை, அதற்கு மேல் ஆராய்ச்சி என்று இழுத்துக்கொண்டே போனேன். "ஏட்டி, ஒனக்க படிப்பு எப்பதான் தீரும்?" என்று சாப்பாடு போடும்போதெல்லாம் கேட்பாள்.

சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு நொதி எப்படி மாறுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் வேண்டும். எங்கள் ஊர்ப் பாதிரியாரான பங்குச்சாமி கோயில் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னார். புதுக்கடைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் பெண்களில் சர்க்கரை உள்ளவர்கள், காப்பிகூடக் குடிக்காமல் வரிசையில் வந்து கையை நீட்டினார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை, முகம் சுளிக்காமல் வந்தார்கள். அந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் முழுவதும் கல்லூரி ஃப்ரீசரில் உறைந்து கிடந்தது. உருகினால் நொதி செத்துவிடும். என் ஆராய்ச்சியும் அத்தோடு போய்விடும்.

அப்போதுதான் புயல் வந்தது. மாவட்டம் முழுக்கக் கரண்டு போயிற்று. கல்லூரி ஜெனரேட்டரும் இருமிவிட்டு நின்றது. குழாய்களை ஐஸ் பெட்டியில் அடைத்து மடியில் வைத்துக்கொண்டு, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி அண்ணனின் பைக்கில் ஊர் வந்து சேர்ந்தேன். ஊரில் ஜெனரேட்டர் இருந்த ஒரே இடம் கோயில். அம்மாவின் தம்பி, போட் வைத்திருக்கும் மாமா, தன் வீட்டு மீன் ஃப்ரீசரைக் கழுவித் தூக்கிவந்து பலிபீடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்தார்.

"நம்ம பிள்ளைக்க படிப்புக்குள்ள ரத்தம் கோயில்ல இருக்கு. டீசல் உள்ளவங்க கொண்டு வாங்க" என்று சாமி மைக்கில் சொன்னார். கேன் கேனாக வந்தது. கடலில் யாரும் இறங்க முடியாத நேரம், மிச்சத்தைத்தான் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது குழாய்களைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

வந்த பெண்களுக்கெல்லாம் ஃப்ரீசரைத் திறந்து பார்க்க ஆசை. "எனக்க ரத்தம் எதுல இருக்கு மக்கா? ஒருக்கா காட்டு." திறந்தால் குளிர் போய்விடும் என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் மூடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கல்லூரியில் கரண்டு வந்த காலையில் குழாய்களை மறுபடி ஐஸ் பெட்டியில் அடைத்து, அண்ணனின் பைக்கில் கடற்கரை வழியாகக் கிளம்பினேன். ஒன்றுகூட உருகவில்லை. கடல் அடங்கியிருந்தது. பக்கத்து ஊர்ப் போட்டுகள் விடியும் முன்பே போய்விட்டன. புயலுக்குப் பிறகு முதலில் இறங்குகிறவர்களுக்குத்தான் நல்ல மீன்பாடு கிடைக்கும், மீனுக்கு விலையும் கிடைக்கும். எங்கள் ஊர்ப் போட்டுகள் மட்டும் கட்டியபடியே நின்றன. மாமா வலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"கடல் நல்லாத்தானே கெடக்கு மாமா, போவல்லியா?"

"டீசல் லாரி வரட்டும் மக்கா. ரோட்ட இன்னும் தொறக்கல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் தந்தது மிச்சம் இல்லை, கடலுக்குப் போக வைத்திருந்தது. ஊர் மொத்தமும் அதைக் கோயில் ஜெனரேட்டரில் ஊற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

"ரத்தமெல்லாம் கெடாம இருக்கா?" என்றார் மாமா.

"இருக்கு மாமா."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"நின்னு அழாத ஏட்டி, ஐஸ் உருகும். வண்டியில ஏறு" என்று விரட்டினார்.