மண் வந்திட்டுது, மல்லிகா வரேல்லை

மண் அளக்கிற வேலை எண்டா காணி அளக்கிறதெண்டு நினையாதேங்கோ. உலகத்திலை எந்த இடத்திலை எத்தினை வகை மண் இருக்கெண்டு பார்த்து, வரைபடத்திலை நிறம் போடுறது எங்கட தொழில். இந்த எழுபத்தஞ்சாம் ஆண்டிலை, ரொறன்ரோவிலை ஒரு ஆய்வுகூடத்திலை இருந்து அதைச் செய்யிறன். மனுசியை ஊரிலை விட்டிட்டு வந்து, பாணும் முட்டையுமாக் காலந்தள்ளுற சகோதரங்களே, என்ரை பாட்டையும் கேளுங்கோ.

சாக்கு யோசனை

வெளிநாட்டு மண் கனடாவுக்குள்ளை சும்மா வரேலாது. அனுமதி வேணும், வந்த உடனை அடுப்பிலை வைச்சுப் புழு பூச்சி சாகச் சூடாக்கவேணும். பிரேசில் மண், கென்யா மண் எல்லாத்துக்கும் அனுமதி கெதியா வந்திடும். என்ரை மனுசி மல்லிகாவின்ரை விசா மட்டும் அசையிற பாடில்லை. ஒவ்வொரு பையும் வந்து இறங்கேக்கை எனக்குப் பத்தி எரியும். பக்கத்து மேசைத் திருச்சிக்காரர் ராகவன் ஒருநாள் சொன்னார்: "பேசாம அண்ணிய ஒரு சாக்குல கட்டி, மேல மண்ணுன்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க சார்!"

பேனா முனைக்குள்ளை யாழ்ப்பாணம்

இஞ்ச மேற்குப் புல்வெளியிலை நாள் முழுக்க ரயிலிலை போனாலும் ஒரே கறுப்பு மண். யாழ்ப்பாணத்திலை சைக்கிளிலை ஒரு சுத்துச் சுத்தினாச் செம்மண், சாம்பல் மண், மணல் எல்லாம் காணலாம். ஆனா உலகப்படத்திலை யாழ்ப்பாணம் பேனா முனையளவுதான், முழுக்க ஒரே நிறத்துக்குள்ளை போயிட்டுது.

பிரிச்சுக் காட்டவேணும் எண்டு மேலதிகாரி டொனால்டோடை மல்லுக்கட்டினன். உண்மையைச் சொன்னா, மண்ணுக்காக இல்லை. மல்லிகா இருக்கிற இடத்திலை என்ரை கையாலை ஒரு நிறம் தீட்ட ஆசை. அவர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுச் சொன்னார்: "உன்ரை மனுசி அங்கை இருக்கிறா எண்டதுக்காக உலகத்தைப் பெருப்பிக்கேலாது."

அவவின்ரை முடிச்சு

போன மாதம் யாழ்ப்பாண மண்ணும் வந்துது, மல்லிகா வேலை செய்யிற பரிசோதனைக்கூடத்திலையிருந்து. ரெட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளை செருகிறது அவவின்ரை பழக்கம். பையிலை சணல் கயிறின்ரை முடிச்சைக் கண்ட உடனை அவ கட்டினதெண்டு தெரிஞ்சிட்டுது. வெட்ட மனம் வரேல்லை, நகத்தாலை மெல்ல மெல்ல அவிழ்த்தன். கயிறைச் சட்டைப்பைக்குள்ளை வைப்பம் எண்டா, அதிலையும் மண் ஒட்டியிருக்கு, சட்டம் சட்டம்தானே. மண்ணை அடுப்பிலை வைச்சன், கயிறை நெருப்பிலை போட்டன்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரங்க் கோல் எடுத்து அவவுக்கு இதைச் சொன்னன். அவ சொன்னா: "என்னையும் அந்த அடுப்பிலை வைச்சு எடுத்தாத்தான் உள்ளை விடுவினம் எண்டா, அதுக்கும் ஓம் எண்டு சொல்லுங்கோ, நான் வாறன்."

எந்த மண் உலகத்திலை எங்கை கிடக்கெண்டு கேளுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். மல்லிகா எப்ப வருவா எண்டு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ.