பாலத்தடியில் ஒரு ராஜா

ரங்கூனிலிருந்து தன்லியின் நகரத்துக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் எங்கள் டாக்சியை மறிக்கிறார்கள். சிப்பாய் என் கைப்பேசியை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். எல்லாம் போன மாதம் செக் நாட்டின் மொராவியாவில் எடுத்தவை: மதில், அகழி, பீரங்கி. பீரங்கியில் விரல் நிற்கிறது.

"என்ன இடம்னு கேக்குறாரு அண்ணே," என்கிறார் டாக்சிக்காரர் கோ செல்வம்.

"பழைய கோட்டைன்னு சொல்லுங்க."

"ஐயோ, வேணாம். பர்மாவுல அது பட்டாளத்து வார்த்தை." சிப்பாயிடம் 'நான்டோ' என்கிறார். அரண்மனை.

"ராஜா இருக்காரான்னு கேக்குறாரு."

"துரத்திட்டாங்க. இப்ப சனங்க டிக்கெட் எடுத்து உள்ள போறாங்க."

செல்வம் என்னைப் பார்க்காமல் பர்மிய மொழியில் ஏதோ சொல்கிறார். கைப்பேசி திரும்பி வருகிறது.

பாலத்தின் நடுவில்தான் கேட்கிறேன், என்ன சொன்னீர்கள் என்று.

"ராஜா சௌக்கியமா இருக்காருன்னேன்."