காரில் கிடந்த கத்தி

அந்தக் காரை நான் வாங்கியது ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத் துரையிடம். சுதந்திரம் வந்த மறுவருஷம். சாவியைக் கொடுத்த கையோடு ஒரு மடக்குக் கத்தியையும் கொடுத்தார். அதில் பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, டப்பா திறக்க ஒன்று, புட்டியின் தக்கையைப் பிடுங்க ஒரு திருகு, குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க ஒரு கொக்கி என்று என்னென்னவோ இருந்தன. மலை ரோட்டில் கார் ஓட்டுகிறவன் இது இல்லாமல் போகக்கூடாது, என்றைக்காவது ஒரு உயிர் இதனால் பிழைக்கும் என்று இங்கிலீஷில் சொன்னார். என்னிடம் குதிரையும் கிடையாது, புட்டியும் கிடையாது. இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆபத்து வருவதற்கு முன்னாலேயே யோசித்து வைக்கச் சொல்வதுதான் அப்போது என் பிழைப்பு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மலையாளச் சீமையில் நெடுமங்காடு, வித்துரா, அதற்கு மேலே மலை எஸ்டேட்டுகள் என்று சுற்றுவேன். நன்றாக இருக்கிற மனுஷனை உட்கார வைத்து, நாளைக்கே உமக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகுட்டிகள் கதி என்ன என்று முகத்துக்கு நேரே கேட்பேன். என் கார் தெருமுனையில் திரும்பினாலே சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அப்படிப்பட்டவன் காரில் ஒரு ஆபத்துக் கத்தி இருப்பது பொருத்தம்தான் என்று எனக்கே ஒரு பெருமை.

கத்தி காருக்குள்ளேயே இருந்ததற்கு இன்னொரு காரணம் என் மனைவி. இந்த மலையாள ஊரிலேயே, ஸ்ரீவராகத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம். நான் நேராகத் தாமிரபரணிக் கரையிலிருந்து வந்து, மாமனார் தெருவிலேயே வீடு பிடித்தவன். கத்தியைக் கூடத்து மேஜையில் வைத்ததுமே அவள் எட்டி நின்றுவிட்டாள்.

"அந்தப் பிச்சாத்தியை ஆத்துக்குள்ளே கொண்டு வராதேங்கோ. துரை மாம்சம் நறுக்கினதாக்கும். காரிலேயே கெடக்கட்டும்" என்றாள்.

பழைய வேஷ்டித் துணியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, கத்தியைத் தொடாமல் தூக்கி, அதே துணியில் முடிந்து, காரின் டாஷ்போர்டில் இருந்த சின்ன அறையில் அவளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு கிணற்றடியில் கை கால் கழுவினாள்.

எனக்கு அவள் சொன்ன வார்த்தைதான் பிடித்துக்கொண்டது. பிச்சாத்தி. மலையாளத்தில் கத்திக்குச் சொல்கிற பேர். இந்த ஊர்த் தமிழ் வீடுகளிலும் அதுதான். "பிச்சாத்தியா? பிச்சைக்கு வந்த பேர் மாதிரின்னா இருக்கு! தமிழ்ல அதுக்குக் கத்தின்னு ஒரு பேர் உண்டு, தெரியுமோ?" என்றேன். சிரித்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். என் நாக்கில் சனி. வந்தவர் போனவர் முன்னால், "எங்காத்துல கத்தி கெடையாது, பிச்சாத்திதான் உண்டு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவள் வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நடுவில் நிறுத்தித் திருத்துவேன். ஒரு வருஷத்தில் அவள் அதற்கு எந்தப் பேரும் சொல்வதில்லை. "அதை எடுத்துத் தாங்கோ" என்பாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஒரு நாள் நாங்கள் வித்துராவுக்கு மேலே மலையில் இருக்கிற போனக்காட்டுக்குக் கிளம்பினோம். அவளுடைய அத்தை பெண்ணின் புருஷன் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். குழந்தை பிறந்திருந்தது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. அவள் மடியில் பிரசவ லேகியத்தை வைத்துக்கொண்டு முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்கு நேரே அந்தச் சின்ன அறை.

வித்துரா தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ரேடியேட்டர் கொதிக்க ஆரம்பித்தது. அது வழக்கம்தான். பானட் இடுக்கில் ஆவி கசிந்தது. ஒரு சாயாக்கடை வருகிறது, அங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்றலாம் என்று நினைத்தேன். முன்னால் ஒரு மாட்டுவண்டி விறகு ஏற்றிக்கொண்டு நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஹார்னை அழுத்தினேன். வண்டிக்காரன் கையைக் காட்டினான், வளைவு தாண்டட்டும் என்று. நான் மறுபடியும் அழுத்தினேன், விடாமல்.

காளைகள் மிரண்டு ஓரத்துக்குத் திரும்பின. மண் இளகிக் கிடந்தது. வண்டியின் இடது சக்கரம் சறுக்கி, வண்டி அப்படியே ஓடைப் பக்கமாகச் சாய்ந்தது. விறகு முழுக்கச் சரிந்து தண்ணீரில் விழுந்தது. வலது காளை எப்படியோ கயிறு நழுவி ரோட்டில் நின்றுவிட்டது. இடது காளை விளிம்புக்குக் கீழே போய்விட்டது. அதன் கழுத்தை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டியிருந்த பூட்டாங்கயிறு அறுந்துபோகவில்லை. காளை அந்தக் கயிற்றில் தொங்கியது.

நான் காரை நிறுத்திவிட்டு ஓடினேன். வண்டிக்காரன் எனக்கு முன்னாலேயே கீழே குதித்து, காளையின் நெஞ்சுக்கு அடியில் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்து நின்றிருந்தான். ஒல்லி மனுஷன். அவன் தோளை எடுத்தால் கயிறு இறுகிக் காளை செத்துப்போகும். இறங்கி நானும் அதன் வயிற்றுப் பக்கம் தாங்கினேன். அவனுடைய வெட்டுகத்தி விறகோடு ஓடையில் போய்விட்டது. கயிற்றை அறுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். காளையின் மூச்சு சீறிச் சீறி வந்தது. அதன் எச்சில் என் சட்டையெல்லாம் வழிந்தது.

தலைக்கு மேலே சாயாக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவருகிற சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் துரை கொடுத்தது ஞாபகம் வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

"கத்தி! கார்... கத்தி! கார்ல கத்தி!"

மேலே ஒரு நொடி சத்தம் நின்றது. பிறகு ஒருவன், "கார் கத்தி! ஓடிக்கோ!" என்று அலறினான். கால்கள் எல்லாம் திரும்பி ஓடின.

கத்தி என்றால் கத்திதான் என்று மலையாளிக்கும் தெரியும். ஆனால் அவன் பாஷையில் தீப்பிடித்து எரிந்தாலும் கத்தி என்றுதான் சொல்வான். கார் கத்தி என்றால் கார் தீப்பற்றிக்கொண்டது என்று அர்த்தம். அவர்கள் கண் முன்னால் ஒரு கார் நிற்கிறது, பானட்டிலிருந்து வெள்ளையாக ஆவி வருகிறது, கீழே கண்ணுக்குத் தெரியாத ஒருவன் கார் கத்தி என்று அலறுகிறான். யார்தான் கிட்டே வருவார்கள்? எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. அவர்கள் ஓட ஓட இன்னும் பலமாக அதே வார்த்தையைத்தான் கத்தினேன்.

கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பாடா, அவள் எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்தத் துணி முடிச்சு எங்கே இருக்கிறது என்று உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தலையைத் தூக்கிப் பார்த்தேன். விளிம்புக்கு மேலே அவள் புடவையின் கீழ்க்கரை தெரிந்தது. சாயாக்கடைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. யாரோ ஈரச் சாக்கைப் பானட்டின் மேல் போட்டானாம். யாரோ குடத்துத் தண்ணீரை ஊற்றினானாம். கடைசியில் ஒருவர் ஓரத்துக்கு வந்து குனிந்து, "எந்தா சாரே, தீ எவிடெ?" என்று கேட்டார். நான் ஒரு கையால் கயிற்றைக் காட்டினேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியோடு திரும்பி வந்து கயிற்றை அறுத்தார். காளை எங்கள் இரண்டு பேர் மேலும் சரிந்து, ஓடைத் தண்ணீரில் விழுந்தது. ஒரு காலை மட்டும் இரண்டு தடவை உதைத்தது. அவ்வளவுதான்.

வண்டிக்காரன் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. காளையின் கழுத்து மணியை அவிழ்த்து, தண்ணீரில் அலசி, மடியில் கட்டிக்கொண்டான். மேலே நின்ற ஜோடிக் காளை கீழே பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்தது. நான் அங்கே நிற்க முடியாமல் ஏறி வந்துவிட்டேன்.

போனக்காடு போகவில்லை. காரைத் திருப்பினேன். வித்துராவிலிருந்து எங்கள் ஊர்க் கிழக்கேகோட்டை வரை அவளை நான் திட்டிய திட்டு இப்போது எழுதக் கூசுகிறது. "மொழங்காலுக்கு நேரே வெச்சுண்டு எழுந்து ஓடினியே! ஒரு ஜீவனைக் கொன்னுட்டியே! உனக்கெல்லாம் என்ன மூளை?" அவள் லேகியப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேரூர்க்கடை தாண்டின பிறகு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"கார் கத்தறதுன்னு நெனச்சுண்டேன்" என்றாள், எரிகிறது என்ற அர்த்தத்தில்.

அதற்கும் திட்டினேன்.

பத்து நாள் கழித்து வித்துராவில் விசாரித்து வண்டிக்காரன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கு உண்டானதைக் கொடுத்துவிடலாம், அத்தோடு மனசு ஒழியும் என்று நினைத்தேன். வண்டி வாசலில் சரிந்து கிடந்தது. ஒற்றைக் காளை மரத்தடியில் புல்லைத் தொடாமல் நின்றது. அது வேறு ஜோடியோடு சேர மாட்டேன் என்கிறது, விற்கப்போகிறேன் என்றான். கொடுத்ததை வாங்கிக்கொண்டான். அவன் பேசியது தமிழாக இருந்தது. போனக்காட்டுத் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்த குடும்பமாம்.

"அப்போ நான் கத்தின்னு சொன்னது உனக்கு வெளங்கித்தா?" என்று கேட்டேன்.

"வெளங்காம என்ன சாமி? எங்க அய்யா ஊரு திருநெல்வேலிப் பக்கந்தான். ஆனா நான் தோள எடுக்க முடியுமா? என் வாயி மாட்டு நெஞ்சுல அமுங்கிக் கெடந்துச்சு" என்றான். காளையின் முன்னால் புல்லைத் தள்ளிவிட்டான். "இந்த ஊருல பிச்சாத்தின்னு சொல்லணும் சாமி. அந்த ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அந்தச் சாயாக்கடைக்காரரு அப்பவே அறுத்து விட்டிருப்பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. வழி தவறி வந்தவனுக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னான். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் கொடுத்தான். குடிக்காமல் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைக்காரியத்தை விட்டுவிட்டு வந்து நின்றாள். "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவே இல்லை. கோயிலுக்கு நடந்து போனாள். அம்மா வீட்டுக்கு நடந்து போனாள். வலியதுறைக்கு ஒரு கல்யாணத்துக்கு ஜட்கா வைத்துக்கொண்டு போனாள், நான் பின்னாலே காரில் தனியாகப் போனேன். ஏன் என்று யாராவது கேட்டால் காரில் தலை சுற்றுகிறது என்பாள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். அவள் சொல்லாமல் விட்ட பதில் எனக்குத் தெரியும். நீங்கள் பிச்சாத்தி என்று சொல்லியிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனே என்று அவள் அன்றைக்குக் காரிலேயே சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தோன்றவே இல்லையா, அல்லது அந்த வார்த்தையை மறுபடியும் என் முன்னால் சொல்லப் பயந்தாளா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் அது என் காரியம்தான்.

ஐந்து வருஷம் கழித்துக் காரை விற்றேன். வாங்க வந்தவர் வாசலில் நிற்க, உள்ளே கிடந்த சாமான்களை எடுத்து ஓரமாகப் போட்டேன். பழைய ரசீது, ஒரு குடை, அந்தத் துணி முடிச்சு. அவள் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது, யாரும் அவிழ்க்கவில்லை. கார் போன பிறகு அவள் வெளியே வந்தாள். குனிந்து முடிச்சை எடுத்தாள். இந்தத் தடவை கையில் எதையும் சுற்றிக்கொள்ளவில்லை.

"இந்தக் கத்தியை எங்கே வெக்கறது?" என்று கேட்டாள்.

கத்தி என்றாள். சுத்தமாக, தடங்கல் இல்லாமல், நான் சொல்லிக்கொடுத்தபடி. பிறகு முடிச்சைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் இதை எடுத்துத் தந்திருந்தா அந்த மாடு பொழச்சிருக்கும், அல்லே?" என்றாள்.

வண்டிக்காரன் சொன்னது தொண்டை வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அந்தப் பழியை அவள் இறக்கி வைத்துவிடுவாள், நான் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"பழசையெல்லாம் இப்போ எதுக்குக் கிளறறே? அலமாரியிலே வை, போ" என்றேன்.

தலையாட்டிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.