நாகலெட்சுமியின் பெரட்டு

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த செல்லசாமியின் தட்டச்சுக் கடையில், இரண்டாயிரத்து மூன்றிலும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். காலையில் மகாலிங்கம் சேர், மத்தியானம் நாகலெட்சுமி, சாயங்காலம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் அடிக்கிற லோஜினி என்று மூன்று பேர் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மகாலிங்கம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே தங்கிவிட்டவர். பழைய தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துகள் இருந்த வரிசையை விட்டு அவர் விரல் நகராது. நாகலெட்சுமிக்கோ ஒலிப்படி ஆங்கில எழுத்தைத் தட்டினால்தான் தமிழ் வரும்.

அவர்கள் தட்டச்சு செய்த எடிட்டர் மென்பொருளுக்கு இருந்தது ஒரே ஓர் அமைப்புக் கோப்பு. எழுத்துரு, எழுத்தின் அளவு, விசை வரிசை, திரையின் நிறம் எல்லாம் அதற்குள்தான். கடைசியாக உட்கார்ந்தவர் வைத்ததே சட்டம். மத்தியானம் நாகலெட்சுமி வந்ததும் முதல் வேலை சேர் மாற்றியதைத் திருப்பி மாற்றுவது. மறுநாள் காலை அவர் வந்து லோஜினி மாற்றியதை மாற்றுவார். தினமும் அரை மணி நேரம் இந்தக் கூத்திலேயே போனது. செல்லசாமிக்கு இதெல்லாம் புரியாது. கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எங்கே அமுக்கினால் எரியும், எங்கே அமுக்கினால் அணையும் என்பது மட்டும்தான்.

எடிட்டரோடு வந்த உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நாகலெட்சுமி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தாள். கறுப்புத் திரையில் எடிட்டரைத் திறக்கும் கட்டளையோடு ஓர் எழுத்தையும் ஒரு கோப்பின் பெயரையும் சேர்த்துத் தட்டினால், எடிட்டர் பொதுக் கோப்பை விட்டுவிட்டு அந்தக் கோப்பைப் படிக்கும் என்று ஓர் இடத்தில் இருந்தது. அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். இவ்வளவு நாள் சண்டை போட்டதெல்லாம் வீண் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அமைப்பை மூன்று கோப்புகளாகப் பிரித்தாள். நீளக் கட்டளை யாருக்கும் நினைவிருக்காது என்பதால் குட்டிக் கட்டளை ஒன்றும் எழுதினாள். கறுப்புத் திரையில் ‘பெரட்டு’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பக்கத்தில் ஆளின் பெயரைத் தட்டினால் போதும். அவரவர் எடிட்டர் அவரவர் பழக்கப்படி திறக்கும்.

அந்தப் பெயரை அவள் தேடிப் போகவில்லை. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லய வீட்டில் பிறந்தவள். அம்மா மீனம்மா கொழுந்தெடுக்கிறவள். தினமும் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவதும், இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதும் பார்த்தே வளர்ந்தாள். அந்தப் பழக்கத்தில்தான் யாரும் கேட்காத வேலை ஒன்றையும் செய்தாள். எடிட்டர் திறந்ததும் திரையின் உச்சியில் ‘பேர்: மகாலிங்கம்’ என்றோ ‘பேர்: லோஜினி’ என்றோ வரும்படி வைத்தாள். பேர் விழாமல் வேலை தொடங்கினால் அவளுக்கு ஏதோ குறையாகத் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் மூன்று கோப்புகளையும் பிரதி எடுத்து வைப்பாள். அப்போதுதான் கவனித்தாள். சேருடைய கோப்பில் எழுத்தின் அளவு தையில் பதினான்கு. பங்குனியில் பதினெட்டு. வைகாசியில் இருபத்துநான்கு. ஆனியில் முப்பது. முப்பதில் திரையில் நாலு சொல் வந்தாலே அதிகம்.

ஒருநாள் தனியாக இருக்கும்போது கேட்டுவிட்டாள்.

“கண்ணில வெள்ளை படருது, பிள்ளை” என்றார் அவர். “கண்டியில ஒப்பரேசனுக்குத் தவணை தந்திருக்கினம். இன்னும் நாலு மாசம் கிடக்கு. அதுவரைக்கும் இது உமக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

இந்த வயதில் இந்த வேலையும் போனால் வேறு வேலை கிடைக்காது என்பதை அவர் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். சரி என்று தலையாட்டினாள்.

ஆடியில் ஒரு நாள் சேர் கண்டிக்கு கிளினிக் போயிருந்தார். முந்தின நாள் அவர் பாதி அடித்து வைத்த தவணைப் பரீட்சைத் தாளுக்காகக் கந்தப்பளையிலிருந்து ஒரு டீச்சர் வந்து நின்றார். இருவருக்கும் எழுத்துரு வேறு என்பதால், சேர் அடித்ததை நாகலெட்சுமியின் அமைப்பில் திறந்தால் எழுத்தெல்லாம் சிதைந்து எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரியும். அவர் பேரில்தான் திறக்க வேண்டும். திறந்த கையோடு எழுத்தைச் சின்னதாக்கிவிடலாம் என்று நினைத்துத் தட்டினாள். செல்லசாமி முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை.

உச்சியில் மகாலிங்கம் என்ற பேர். கீழே திரை முழுக்க நாலே நாலு சொல்.

“யாருக்கு இம்புட்டுப் பெரிய எழுத்து?” என்றார் செல்லசாமி.

“எனக்குத்தாங்க மொதலாளி” என்றாள் நாகலெட்சுமி. “அவரு பேருல நாந்தான் வேல செய்றேன். எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலுங்க.”

டீச்சர் போகும்வரை அவர் பொறுத்திருந்தார். “கண்ணு தெரியாத புள்ளைய வச்சுப் பரீட்சைப் பேப்பர் அடிக்கிறேன்னு தெரிஞ்சா யாரு வருவா? நாளையிலருந்து நீ போட்டோகாப்பி மிஷினப் பாரு. அடிக்கிறதெல்லாம் சேர் பாத்துக்கட்டும்.”

கண் தெரிகிறவள் போட்டோகாப்பிக்கு, கண் தெரியாதவர் கம்ப்யூட்டருக்கு. நல்ல நியாயம்.

பஸ்ஸில் போகும்போது அம்மாவின் நினைப்பு வந்தது. பக்கத்துக் காம்பராக்காரிக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் மீனம்மா அவள் பேருக்கும் சேர்த்துக் கொழுந்தெடுத்தாள். கணக்கப்பிள்ளை பிடித்துவிட்டார். அன்றைக்கு இரண்டு பேருடைய பேரும் வெட்டு, நாள் கூலி கிடையாது. பன்னிரண்டு வயது நாகலெட்சுமி, “அடுத்தவ பேருக்கு நீ ஏன் எடுத்த?” என்று அம்மாவைப் பிடித்துத் திட்டினாள். மீனம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்விக்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் செல்லசாமி விஷயத்தைச் சொல்ல, சேர் போட்டோகாப்பி மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாகலெட்சுமி தலை நிமிரவில்லை. அவர் கதிரையில் உட்காரவும் இல்லை.

“செல்லசாமி, கண் தெரியாதது எனக்கு. ஒப்பரேசனுக்குத் தவணை தந்திருக்கினம்” என்றார். “அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்லை. பொய் சொல்லியிருக்குது.”

“ஒப்பரேசன் முடியட்டும் சேர். பொறகு பாப்போம்” என்றார் செல்லசாமி. அந்தப் ‘பாப்போம்’ என்ன என்று கடையில் எல்லோருக்கும் தெரியும். சேர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நாகலெட்சுமிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் அவர் மேலா தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அவரு பேர எடுத்துட்டு, அவரு அடிச்சதெல்லாத்தையும் ஒன் எழுத்துக்கு மாத்திரு” என்று அன்றைக்கே நாகலெட்சுமியைத் திரும்பவும் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து உத்தரவு போட்டார் செல்லசாமி.

இரண்டு நாள் வேலை அது. நன்றாகவே மாற்றலாம்.

“மாத்த முடியாதுங்க மொதலாளி. அவரு பேருல தொறந்தாத்தான் வரும்” என்றாள்.

சொன்ன பொய்க்கு உழைக்க வேண்டியதாயிற்று. சேருடைய விசை வரிசையைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டிப் பழகினாள். முதல் மாதம் விரல் தட்டுத் தடுமாறியது. சேரைத் தேடி வந்த வாத்தியார்களின் தாள்களை எல்லாம் அவர் பேரில் திறந்து, அவர் முறையிலேயே அடித்தாள். எழுத்தை அன்றன்றைக்குச் சின்னதாக்கிக்கொள்வாள். அவருடைய அமைப்புக் கோப்பில் மட்டும் கை வைக்கவில்லை.

மார்கழியில் மகாலிங்கம் சேர் புதுக் கண்ணாடியோடு வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர் போல வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்க சேர்” என்றார் செல்லசாமி. “எல்லாம் ஒங்க பேருலதான் கெடக்கு. மாத்தவே முடியாதுங்குது இந்தப் புள்ள. நீங்களே வந்து பாத்துக்கங்க.”

சேர் நாகலெட்சுமியைப் பார்த்தார். மாற்ற முடியுமா முடியாதா என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்து தன் பேரைத் தட்டினார். நாலு சொல் திரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

“ஏன் பிள்ளை இவ்வளவு பெரிசு?”

“நீங்க வச்சதுதான் சேர். நான் தொடல.”

தாள்களின் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் பார்த்தார். “இதில கனக்க நான் அடிக்கேல்லையே.”

“ஒங்க பேருல நான் அடிச்சேன் சேர்” என்றாள். “எங்க அம்மாவுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தன் கோப்பைத் திறந்து, முப்பதை அழித்து, பதினான்கு என்று தானே அடித்துச் சேமித்தார்.