உள்ளே ஒன்றுமில்லாத கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆயுத பூஜை நடந்துவிட்டது. டப்பா இருந்தது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ்., எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, கற்பூரம் காட்டினோம். புராசஸர் மட்டும் இல்லை. அது என்ன மாடல் என்று முடிவாகாததால் அதை உட்கார வைக்கிற மதர்போர்டும் வாங்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், நாங்கள் கும்பிட்டது ஒரு காலி டப்பாவை.

"மத்ததெல்லாம் வெல எறங்காது. புராசஸர்தான் மாசா மாசம் எறங்கும். அவசரப்பட்டு வாங்குறவன் ஏமாளி" என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்று நான் கேட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரும் கடலும் ஒன்றா என்று கேட்டார்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவள். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். கல்யாணத்துக்கு முன்பு கடலூரில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தேன். சிதம்பரத்தில் மாப்பிள்ளை என்றதும் எனக்கு வந்த முதல் சந்தோஷமே அங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதுதான். தீசிஸ் டைப் அடிக்க ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் ஒரு மிஷின் இருந்தால் போதும், நானும் நாலு காசு சம்பாதிப்பேன். கல்யாணமாகி நான் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

கேட்டதும் சரி என்றவர்தான். ஆனால் அவர் மாதாமாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார், வருஷா வருஷம் ஒரு பஞ்சாங்கம் வாங்குவார். பத்திரிகை வாங்கச் சொல்கிற மாதத்தில் ஆடி வந்துவிடும். பஞ்சாங்கம் சரி என்றுவிட்டால் பத்திரிகை, புதுசு வருகிறது, பொறு என்னும். இரண்டும் ஒத்துப்போன அபூர்வமான நாட்களில் என் தம்பிக்குப் போன் போடுவார். தம்பி திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறவன். பொய் சொல்லத் தெரியாதவன். அதுதான் வினை.

"மச்சான், இப்ப வாங்கிடலாமா?"

"வாங்கலாம் மாமா. ஆனா பொங்கலுக்கு மேல ரெண்டு கோர் வச்சது வருது. இது வெல எறங்கும்."

"அப்ப இரு, மச்சான். பொங்கல் போவட்டும்."

பொங்கல் போனது. இரண்டு கோர் வந்தது. அதற்குள் நாலு கோர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கோர் என்றால் என்ன என்று அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஒரு அடுப்பில் சமைப்பதற்கும் நாலு அடுப்பில் சமைப்பதற்கும் உள்ள வித்தியாசமாம்.

"நம்ம வூட்ல இப்ப அடுப்பே இல்லீங்களே" என்றேன்.

"அதான் அவசரம் இல்லன்றேன்" என்றார்.

ஒரு தடவை நிஜமாகவே முடிவு செய்துவிட்டார். நல்ல நாள், நல்ல ஓரை. தம்பிக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பல்லி சொல்லியது. பின்பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே போய்க் குடியிருந்திருக்கிறது. இவர் போனை வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார். அந்தத் திசையில் சொன்னால் காரியத் தடை என்று போட்டிருந்ததாம். அந்தக் கம்ப்யூட்டரில் அதுவரை வேலை செய்தது அந்தப் பல்லி ஒன்றுதான். அதுவும் எனக்கு எதிராக வேலை செய்தது.

விரல் மறந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவர் ஆபீஸ் போனதும் எதிலும் சொருகாத கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு பேப்பரைப் பார்த்து அடிப்பேன். திரையில் ஒன்றும் வராது. தடதட சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா, "நல்ல வேலை போலருக்கு" என்பார். "ஆமாங்க்கா, ஓய்வே இல்ல" என்பேன். பிறகு அடுப்படிக்குப் போய் அழுவேன். அந்த அம்மா சொல்லக் கேட்டுப் புவனகிரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி என்னைத் தேடி வந்தாள். பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு விவசாயிகளைப் பற்றி தீசிஸ். "சிஸ்டம் சர்வீஸ்ல இருக்கும்மா" என்று இவர் அவளைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் சாம்பாரில் உப்பே போடவில்லை.

மார்கழித் தேருக்குத் தம்பி வந்தான். இவர் வடம் பிடிக்கப் போய்விட்டார். தேர் நிலைக்குத் திரும்புகிறவரை வீட்டுப் பக்கம் வரமாட்டார். தம்பி பையிலிருந்து ஒரு போர்டை எடுத்தான். புராசஸர் அதிலேயே உட்கார்ந்திருந்தது. மற்ற சாமான்களும் இருந்தன.

"கஸ்டமர் புதுசு மாத்திக்கினு கழட்டிப் போட்டது. ஒத்த கோர்தான். டைப் அடிக்க இது தாராளமா போதும்க்கா."

"மார்கழியில வாங்கக் கூடாதுன்னுவாருடா."

"புதுசுதான வாங்கக் கூடாது? இது பழசு."

பல்லியைத் துடைப்பத்தால் விரட்டிவிட்டு மாட்டினான். ராகு காலம். தேர் மேல வீதியில் திரும்பும்போது எங்கள் திரையில் வெளிச்சம் வந்தது.

அப்புறம் புவனகிரிப் பெண்ணுக்குச் சொல்லி அனுப்பினேன். பகலில் அடிப்போம். இவர் வரும் நேரத்துக்கு அணைத்துத் துணி போட்டு மூடிவிடுவேன். இவருக்குத் தெரியவே இல்லை. எப்படித் தெரியும்? உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவர் எதற்காக சுவிட்சைப் போட்டுப் பார்க்கப்போகிறார்? தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் புராசஸர் விலையைப் படித்தார்.

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட்டுவிட்டு அதே அறையில் கட்டிலில் படுத்துவிட்டார். மறுநாள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண் பேப்பர்க் கட்டோடு வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு தடவை இவளைத் திருப்பி அனுப்பினால் நான் மனுஷியே இல்லை என்று பட்டது. உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தேன். துணியை எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்குள்ள ஒண்ணும் இல்லியே."

"இருக்குங்க. தேர் அன்னிக்கே தம்பி மாட்டிட்டான்."

"மார்கழியிலியா?"

"பழசுங்க. பழசுக்கு ஏது மார்கழி?"

"எத்தன கோர்?"

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா?" என்றார். யாரோ சொந்தக்காரர் செத்துப்போன மாதிரி இருந்தது அவர் குரல்.

அவர் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் வாசிக்க ஆரம்பித்தாள். நான் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரியில் விரல் தன் வேகத்துக்கு வந்துவிட்டது. வெட்டுக்கூலி, ஆலைக்கு ஏற்றும் வண்டி, விதைக்கரணை என்று பக்கங்கள் ஓடின. இவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரிகை கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

அத்தியாயம் பாதியானபோது கேட்டார்.

"இவ்ளோ வேகமா அடிப்பியா நீ? எனக்குத் தெரியவே தெரியாதே."

கண் நிறைந்து திரை மங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். நான் விரலை எடுக்கவில்லை.

"அடுத்த வரி சொல்லும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம்.