முடிச்சூர்க் கோட்டை

மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற பட்டாபிராமனிடம் மணி என்ன என்று கேட்டால்கூட ஸ்ரீரங்கப்பட்டணம் வழியாகத்தான் பதில் வரும். எப்போதோ ஆபீஸ் தந்த எல்.டி.சி. பயணச் சலுகையில் மைசூர் போனபோது பிடித்த பைத்தியம் அது. காவிரி பிரிந்து சுற்றிவரும் தீவு, அதில் கோட்டை, அதைப் பிடிக்க வெள்ளைக்காரன் பட்ட பாடு, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முடிச்சூர் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், தாம்பரம் வருவதற்குள் கோட்டை விழுந்த கதையைக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"திப்பு ஆத்தை நம்பினான் சார். மழை வந்து காவிரி ஏறினா முற்றுகை தானா கலைஞ்சுடும்னு. மே மாசத்துல ஆத்துல தண்ணி ஏது? வெள்ளைக்காரன் இறங்கி நடந்தே வந்துட்டான். வடமேற்கு மூலையில சுவரை ஒடச்சு உள்ள பூந்துட்டான். ஆத்தை நம்பப்படாது."

இப்படி ஊருக்கு உபதேசம் செய்த மனுஷர் மனை வாங்கியது அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில். விலை சல்லிசாக இருந்தது. ஏன் சல்லிசு என்று அவர் மனைவி அபிதகுஜாம்பாள் அன்றே கேட்டாள். சரித்திரம் படித்தவருக்கு அது காதில் விழவில்லை.

அப்புறம் ஐப்பசி தவறாமல் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மகள் ரோஹிணி கோவிலம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருந்தாள். ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு, வந்துடுங்கோ என்றாள். அபிதகுஜாம்பாள் பையைக் கட்டத் தயார். மாப்பிள்ளை வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்று பட்டாபிராமனுக்குத்தான் மானம் குறுக்கே நின்றது. கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. இந்த மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் போய்விடுவது. வராவிட்டால் கோவிலம்பாக்கம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது.

மேஸ்திரி ஆனந்தனைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றி மார்பளவு கான்கிரீட் சுவர் எழுப்பினார். எந்தக் கோட்டைக்கும் வாசல்தான் பலவீனம் என்று கேட்டைப் பிடுங்கிவிட்டு அதையும் அடைத்தார். ஏறிப்போக வெளியே படி, இறங்க உள்ளே படி. அபிதகுஜாம்பாள் புடவையைச் செருகிக்கொண்டு காய்கறிப் பையோடு ஏறி இறங்குவதைத் தெருவே பார்த்துச் சிரித்தது. பாத்ரூம் குழாயை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் அவள் கேட்டாள். அது தண்ணீர் வெளியே போகிற வழி, வருகிற வழி இல்லை என்றார் பட்டாபிராமன்.

மழை வந்தது. தெருவில் இடுப்பளவு ஓடியது. சுவர் ஒரு சொட்டு விடவில்லை. படி மேல் குடை பிடித்து நின்று ரோஹிணிக்கு வீடியோவில் காட்டினார். அப்பா, உங்க பின்னாடி என்னது என்று அவள் கேட்டதும் திரும்பினார். பாத்ரூம் ஓட்டையிலிருந்து கொப்பளித்த தண்ணீர் கூடத்தைத் தாண்டி வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. கூடவே அவருடைய செருப்பும்.

அது போகட்டும், எல்லார் வீட்டிலும்தான் வந்தது. மானக்கேடு அதற்கப்புறம். மழை விட்டு, தெரு வடிந்து, எதிர் வீட்டில் கோலமே போட்டுவிட்டார்கள். இவர் வீட்டில் மட்டும் கெண்டைக்கால் தண்ணீர் அப்படியே நின்றது. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, மோட்டார் முழுகிவிட்டது, சுவரோ விடுவதாக இல்லை. வேறு வழி தெரியாமல் ஆனந்தனையே திரும்பக் கூப்பிட்டார். அவன் கடப்பாரையோடு சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், ஸ்ட்ராங்கா கட்டுன்னு நீங்கதான சொன்னீங்கோ? இப்ப எங்க இடிச்சாலும் பேஜாருதான்."

தண்ணீரில் நின்றபடி அபிதகுஜாம்பாள்தான் சொன்னாள்.

"எங்க ஒடைக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

அவள் குரலில் கேலி இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. மெல்லக் கையைத் தூக்கித் தெருப் பக்கம் இருந்த வடமேற்கு மூலையைக் காட்டினார்.

வாஸ்துவா சார் என்றான் ஆனந்தன். ஆமாம் என்றார் பட்டாபிராமன். கேட்க ஆள் இருந்தும் அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லாதது அதுவே முதல் தடவை.

மத்தியானத்துக்குள் சுவர் விழுந்தது, தண்ணீர் போயிற்று. அபிதகுஜாம்பாள் பையை எடுத்துக்கொண்டு, படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அந்த உடைப்பு வழியாகத் தெருவில் இறங்கி, வாங்கோ என்றாள்.