வாடாமல்லி நிறத்தில் ஒரு கங்காணி

தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களின் தலையில் ஒரு பாதை இருக்கும். கூடைக் கயிறு உச்சந்தலையில் பதிந்து பதிந்து, நாற்பது வயதைத் தாண்டும்போது அந்த இடத்தில் முடி நின்றுபோகும். காதிலிருந்து காதுக்கு வெறும் தோல்தான். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மலையில் தலைத்துணி மூடிவிடும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் முன்முடியை இழுத்து மேலே படியவைத்து ஊசி குத்திக்கொள்வோம். என் தலையில் அந்தப் பாதை சற்று அகலம்.

ஆட்கள் சொல்வதை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. பள்ளிக்கூடம் சின்ன வயதிலேயே நின்றுவிட்டது. மிச்சத்தைக் கடலை மடித்துவந்த பேப்பரிலும் மனிதர்களின் வாயிலும்தான் படித்தேன். என் உடுப்பைப் பற்றி நான் கேட்டு வளர்ந்தவை சில உண்டு. "கறுப்புக்கு எடுக்காது" என்பார்கள். "வயசுக்குத் தகுந்தாப்புல உடுத்து" என்பார்கள். "மலைக்குத்தானே போற, யாரு பாக்கப் போறா?" என்பார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிரியத்தோடுதான் சொன்னார்கள். பிரியத்தோடு சொன்னதைத் தட்டிக் கழிப்பது எவ்வளவு கஷ்டம், பாருங்கள்.

போன வருசம் என் வலது தோள் விட்டுப்போனது. கூடை தூக்கக் கூடாது என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், அனுப்புகிறபோது அனுப்புவார். தோட்டத்தில் என் பேர் இல்லாமல் போனால் நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் நிச்சயமில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் மலைகளில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு, என் மகன் வயசுப் பையன், என்னைக் கூப்பிட்டார்.

"பொம்பள ஆளுங்கள வேலை வாங்கப் பொம்பளக் கங்காணியே போடலாம்னு தொரை சொல்றாரு. நீங்க பாக்கிறீங்களா? தீபாவளி வரைக்கும் பாப்போம். சரிவரலன்னா மறுபடி கூடைதான்."

மறுபடி கூடை என்னால் முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி என்றேன்.

முதல் நாள் விடிய எழுந்து, கை போன போக்கில் இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டி, தலைத்துணியைச் சுற்றிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டேன். கண்டாக்கு வந்து, "கங்காணி எங்க?" என்று கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற என் கூட்டாளி விலாவில் இடித்தாள். இவளும் நானும் ஒரே வருசம் இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவர்கள். "ஏய், ஒன்னையத்தான்டி தேடுறாரு" என்றாள். பெரட்டே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் முன்னால் போனேன். ஆனால் அன்று பொழுதுக்கும் யாரும் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படங்கு கட்டியவள் படங்கு கட்டியவளை எப்படி விரட்டுவது?

ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிற என் மகள் அன்று சாயந்தரம் போனைத் திறந்து, ஆபீஸ் போகிற அம்மாக்களின் படங்களைக் காட்டினாள். "ஆளப் பாத்ததும் பயப்படணும்மா" என்றாள். அடுத்த நாள் கடையிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டும், காதுவரை மூடுகிற கம்பளித் தொப்பியும் வாங்கிவந்தாள். கோட்டு தோளில் பிடித்தது. தொப்பி எனக்கு நிம்மதியாக இருந்தது. எது வெளியே தெரியக் கூடாதோ அது தெரியாது.

அதைப் போட்டுப் போன காலையில் என்னைக் கண்டதும் அந்தக் கூட்டாளிதான் ஆரம்பித்தாள்.

"அடி ஆத்தி! தொரசாணி வாராங்க, வழி விடுங்கடி!"

"தொரசாணி, குதிரை எங்கம்மா?" என்றாள் இன்னொருத்தி.

கோட்டுக்கு ஏற்றபடி என் குரலும் மாறியது. "ஏய், என்ன பேச்சு அங்க? கையப் பாரு!" சின்ன வயதில் என்னை அழவைத்த கங்காணிமார்களின் குரல் அது; என் தொண்டையிலிருந்தே வந்தது. அதற்குப் பிறகு கேலியும் நின்றது. நான் ஒரு நிரைக்குப் போனால் அங்கே பேச்சு அடங்கும், நகர்ந்தால் மறுபடி தொடங்கும். என் முன்னால் கை வேகமாகப் போகும், கூடையில் விழுவதோ முத்தல் இலையும் காம்பும்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு நாள், நிறுவையில் கண்டாக்கு ஒரு பிடி கொழுந்தை அள்ளி என் முகத்துக்கு நேரே விரித்தார்.

"தேயிலை ஸ்டோர்ல என்னத் திட்டுறாங்க. இப்புடியே போனா தீபாவளி வரைக்கும் பாக்க வேண்டிய தேவையில்ல."

தேத்தண்ணி நேரத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கூட்டாளி போத்தலோடு வந்து பக்கத்தில் குந்தினாள். மூடியில் தேத்தண்ணி ஊற்றி என் பக்கம் தள்ளினாள்.

"அந்தத் தொப்பியக் கழட்டிட்டுப் பேசேன்டி. உள்ள இருக்கிறது யாருன்னே தெரியல."

"கழட்டினா சிரிப்பீங்க."

"என்னத்தப் பாத்து?"

நான் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அடிப் போடி. எங்க தலையில மட்டும் என்ன, காடா மண்டியா கெடக்கு?"

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனாலும் அன்று எனக்குக் கழட்ட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படங்கை வேலை கட்டிவிட்டது. கல்யாணச் சேலையை மாமியார் எடுத்தார். கோட்டை மகள் எடுத்தாள். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று என்னையே கேட்டேன். இத்தனை வயதுக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துத்தான் வந்தது: வாடாமல்லி. அந்த நிறத்தில் ஒரு நைலக்ஸ் சேலை பெட்டியில் கிடந்தது. எப்போதோ ஆசைப்பட்டு எடுத்து, கறுப்புக்கு எடுக்காது என்று மடித்து வைத்தது.

காலையில் அதை உடுத்தி, சரிவில் நடக்க வசதியாகக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினேன். மேலே பழைய ஸ்வெட்டர், காலில் ரப்பர் பூட்ஸ். தலைமுடியை எதையும் மறைக்காமல் நேராகப் பின்னுக்கு வாரிக் கொண்டை போட்டேன்.

மகள் பார்த்துவிட்டாள். "அம்மா, தெரியுதும்மா."

"தெரியட்டும்."

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். நானும் அவங்களத்தானே பாக்கப் போறேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, லயத்து வாசலை விட்டு இறங்கும்போது ஆணியில் தொங்கிய கோட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். தலையில் முடி இல்லாத அந்த இடத்தில் காற்று பட்டது. அத்தனை வருசத்தில் அந்தத் தோலில் மலைக்காற்று பட்டது அன்றைக்குத்தான். ஐஸ் வைத்ததுபோல் இருந்தது.

பெரட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. பார்த்தார்கள். இரண்டு மூன்று பேரின் கை தானாகத் தங்கள் தலைத்துணிக்குப் போனது. நான் சத்தம் போடாமல், என் சொந்தக் குரலில் சொன்னேன்.

"தோள் போனதாலதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். இதுவும் போச்சுன்னா கூடை தூக்க என்னால ஏலாது. காம்பராவும் போயிரும். முத்தல் போடாதீங்க. வேற என்ன சொல்றது, எனக்குத் தெரியல."

ஒரு தாய் மட்டும், "பிள்ளைக்குப் பால் குடுக்கக் கொஞ்சம் முன்னக்கூட்டி விடுவீங்களா?" என்று கேட்டாள். விடுகிறேன் என்றேன். கூட்டம் நிரைக்குள் இறங்கியது. கூட்டாளி என்னைக் கடக்கும்போது முந்தானையை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே கொழுந்து தங்கமாகிவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. சில நாள் மறுபடி கெட்டது. நான் கத்தவில்லை, கூடைக்குள் கைவிட்டு முத்தலைப் பொறுக்கி, போட்டவளின் கையிலேயே கொடுத்தேன். மறுபடி அவர்கள் என் முன்னாலேயே வாய் ஓயாமல் பேசத் தொடங்கினார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின சாயந்தர நிறுவையில் கண்டாக்கு கொழுந்தைக் கிளறிப் பார்த்தார். "சரி, நீங்களே பாருங்க" என்றார். பிறகு, "பேச்சக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க" என்றும் சொன்னார். அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

கூடையைக் கவிழ்த்தவர்கள் லயத்துக்கு ஏறத் தொடங்கினார்கள். கங்காணி, கொழுந்து லொறியில் ஏறும்வரை நிற்க வேண்டும். இத்தனை வருசமும் அந்த ஏற்றத்தை நானும் கூட்டாளியும் ஒன்றாகத்தான் ஏறியிருக்கிறோம். இனி அவள் முன்னால் போய்விடுவாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பனி இறங்கி, முதுகுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மேல் வளைவிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏய் கங்காணி! இந்தப் பனியிலயும் நீ மட்டும் பளிச்சுன்னு தெரியிறடி!"

கையை ஆட்டிவிட்டு, லொறி வருகிறதா என்று பாதையைப் பார்த்து நின்றேன்.